ஆட்சி மாறிய காலத்தில் அச்சகம் நடத்தியவனின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். கோயில் நோட்டீஸ், கலியாணக் கார்ட், பாடசாலைகளின் தவணைப் பரீட்சைத் தாள், பில் புத்தகம், அப்புறம் எங்கள் பக்கத்துக்கே உரிய கல்வெட்டு. செத்தவரின் அந்தியேட்டிக்குப் படம், வம்சாவளி, தேவாரம் எல்லாம் போட்டு அடித்துக் கொடுக்கும் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். 2022இல் நாடு கவிழ்ந்ததிலிருந்து 2024 முடியும் வரை எனக்கு ஏறக்குறைய 40 இலட்சம் ரூபா போனது. அதில் பாதியை யாராலும் தடுத்திருக்க முடியாது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கமே அறிவித்த ஒரு நாட்டில் நான் மட்டும் காயப்படாமல் இருக்க வழியில்லை. மற்றப் பாதி அப்படியல்ல. விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு பின்னேரம் என்னோடு இருந்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். அப்படி ஒருவரும் எனக்கு வாய்க்கவில்லை. பொருளாதாரம் தெரிந்தவர்கள் தொலைக்காட்சியில் நாட்டின் கடனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னுடைய கடனைப் பற்றி நான் தனியே இருந்து கணக்குப் பார்த்தேன். போன மாதம் வவுனியாவிலிருந்து ஒரு தம்பி அச்சகம் தொடங்கப் போவதாகச் சொல்லி ஆலோசனை கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் அடி பேப்பரில் விழுந்தது. 2022 பெப்ரவரியில் சில பாடசாலைகளுக்குத் தவணைப் பரீட்சைத் தாள் அடிக்க விலை எழுதிக் கொடுத்திருந்தேன். டொலரை 203 ரூபாவுக்குள் பிடித்து வைத்திருந்த காலம் அது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. முதலில் 230 என்றார்கள், மே நடுப்பகுதிக்குள் 360ஐத் தாண்டிவிட்டது. கொழும்பில் எனக்குப் பேப்பர் அனுப்பும் முதலாளி பல நாட்களாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. எடுத்த அன்று, "தம்பி, இண்டைக்கு விலை சொன்னா நாளைக்கு எனக்கு நட்டம், கொஞ்சம் பொறும்" என்றார். இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதமான எல்.சி. திறக்க வங்கிகளிடம் டொலர் இல்லை, துறைமுகத்துக்கு வந்த கொள்கலன்களைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. மேல் மாகாணத்தில் பேப்பரும் மையும் இல்லாமல் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். நான் கொடுத்த வாக்குக்காக இருந்த பேப்பரில் அடித்துக் கொடுத்தேன். அதிபர்கள் சந்தோஷப்பட்டார்கள். வந்த காசில் அதே அளவு பேப்பரில் பாதியைக்கூடத் திரும்ப வாங்க முடியவில்லை. அந்த ஒரு வேலையில் மட்டும் 4 இலட்சத்துக்கு மேல் போனது. அன்று இரவு நித்திரை வரவில்லை என்பதைவிட, யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அதன் பிறகு விலை கொடுக்கும் முறையையே மாற்றினேன். இது நாணயம் ஆடும் எந்த நாட்டிலும் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பேப்பரையும் கூலியையும் ஒரே தொகையாகச் சேர்த்து எழுதுவதை நிறுத்தினேன். "பேப்பர், வாங்கும் நாளின் விலை, பிளேட், மை, அச்சுக்கூலி, கட்டுக்கூலி இவ்வளவு" என்று இரண்டாகப் பிரித்து எழுதினேன். பேப்பர் காசு முழுவதையும் முற்பணமாக வாங்கி, அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பினேன். கூலிக்கு மட்டும் ஒரு கிழமை உத்தரவாதம். ஆட்கள் முகம் சுழிப்பார்கள் என்று பயந்தேன், ஒருவரும் சுழிக்கவில்லை. பாணும் பால்மாவும் விலை ஏறுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் எதையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

கல்வெட்டுகள் மெலிந்தன. முந்தி 60 பக்கம், ஆர்ட் பேப்பர், கலர் படம் என்று கேட்டவர்கள் 16 பக்கத்துக்கு வந்தார்கள். பிறகு ஒரேயொரு மடித்த தாளில் படமும் ஒரு தேவாரமும் போதும் என்றார்கள். பேரப்பிள்ளைகளின் பெயர்களை விடுவதா தேவாரத்தை விடுவதா என்று ஒரு குடும்பம் என் மேசைக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தது இன்னும் ஞாபகம். தேவாரத்தைத்தான் விட்டார்கள்.

கரண்ட் வெட்டு அடுத்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஓப்செற் மெசின் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் நேர நட்டம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் றோலரில் மை காயத் தொடங்கும். பிளேட்டுக்கு உடனே கோந்து பூசாவிட்டால் அடுத்த முறை எழுத்தில்லாத இடத்திலும் மை பிடிக்கும். கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரும் மையும் ஒரு சமநிலைக்கு வரும்வரை விடும் தாள்கள் எல்லாம் கழிவு. பேப்பரே கிடைக்காத நாளில் அந்தக் கழிவுக் கட்டைப் பார்க்க வயிறு எரியும். ஜெனரேற்றர் வாங்கலாம் என்றால் டீசல் இல்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் 26ஆம் திகதி 460 ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கரண்ட் வெட்டு அட்டவணையை முதல் நாள் பார்த்து, இடைவெளியில் ஓடி முடியக்கூடிய சின்ன வேலைகளை மட்டும் மெசினில் ஏற்றினோம். இரவு இரண்டு மணிக்கு அடித்த நாட்களும் உண்டு. கட்டுவேலை, தைப்பு, மடிப்பு எல்லாம் மெழுகுதிரியில். ஜெனரேற்றர் வாங்காமல் விட்டது நல்லது என்று பிறகு விளங்கியது, வாங்கியவர்கள் அடுத்த வருடம் பாதி விலைக்கு விற்றார்கள்.

இனி வட்டி. இதைத்தான் கூடுதலாக எழுத வேண்டும், ஏனென்றால் இதில்தான் சத்தமில்லாமல் காசு போனது. வங்கியில் எனக்கு 25 இலட்சம் ரூபா ஓ.டி. இருந்தது, அதாவது கணக்கில் உள்ளதைவிடக் கூடுதலாக எடுத்துப் பாவிக்கும் கடன். ஒப்பந்தத்தில் வட்டி இவ்வளவு என்று ஒரு எண் இருக்காது. வங்கிகள் தங்கள் மிக நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் வட்டியின் சராசரி என்று ஒன்றை மத்திய வங்கி கிழமைதோறும் வெளியிடும். அதற்கு மேல் 3 வீதம் என்பதுதான் என் ஒப்பந்தம். 2021 கடைசியில் அந்தச் சராசரி 9 வீதத்துக்கும் குறைவு. என் வட்டி 12 வீதத்துக்குள், மாதம் 25,000 ரூபா அளவில் கட்டினேன். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, புது ஆளுநர் நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்ற கையோடு, மற்ற வட்டிகள் பின்தொடரும் மத்திய வங்கியின் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் கூட்டினார்கள். செய்தியில் அதை மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வாசித்தார்கள். தெருவில் ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்த நேரம், யார் அதைக் கவனித்தது? ஆண்டு முடிவில் அந்தச் சராசரி 27 வீதம். என் வட்டி 30ஐத் தொட்டது. அதே 25 இலட்சத்துக்கு மாதம் 62,500 ரூபா. கடனின் முதல் தொகை ஒரு சதமும் குறையவில்லை.

கடன் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வட்டி நிலையானதா, எதையாவது பின்தொடர்ந்து ஏறி இறங்குவதா, ஏறினால் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள், ஒரு உச்ச வரம்பு உண்டா என்ற நாலும் தெரிந்திருக்க வேண்டும். ஏறி இறங்கும் வட்டி என்றால், நாட்டின் நாணயம் ஆட்டம் காணும் முதல் கிழமையிலேயே கையில் உள்ளதை அங்கே கட்டி முதலைக் குறையுங்கள். விலைவாசி எகிறும்போது மத்திய வங்கி வட்டியைக் கூட்டியே ஆகும். அதற்கு வேறு மருந்து அதனிடம் இல்லை. எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் மெசின். 2021இல் பழைய ஹைடல்பேர்க் ஒன்றை நிலையான 13 வீத வட்டிக்கு லீசிங்கில், அதாவது மாதத் தவணை கட்டும் குத்தகையில், எடுத்திருந்தேன். 2022 ஓகஸ்டில் ஒரு அதிகாரி வந்து, ஓ.டி.யையும் லீசிங்கையும் ஒன்றாக்கிப் புதுக் கடனாகத் தருகிறோம், மாதக் கட்டணம் குறையும் என்று அன்பாகக் கதைத்தார். கட்டணம் குறையத்தான் செய்யும், வருடங்கள் கூடுவதால். 13 வீதத்தை 28 வீதத்துக்குக் கொடுத்து மாற்றச் சொல்கிறார் என்பது அவர் போன பிறகு கல்குலேற்றரை எடுத்தபோதுதான் பிடிபட்டது. நெருக்கடிக் காலத்தில் நிலையான வட்டிக் கடன் ஒன்று கையில் இருந்தால் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். சலுகைக் காலம் தருகிறோம் என்பதும் அப்படித்தான். கட்டாமல் விடும் மாதங்களின் வட்டி எங்கேயும் போகாது, கடைசியில் முதலோடு சேர்ந்து நிற்கும். சம்மதிப்பதற்கு முன் "முடிவில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்" என்று ஒரு எண்ணை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் அதுவே பதில்.

வைப்பு வைத்திருந்தவர்களுக்கு இதன் மறுபக்கம். மனைவியின் நிலையான வைப்பு 2022 பெப்ரவரியில் ஒரு வருடத்துக்குத் தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது, 6 வீதத்துக்கும் கொஞ்சம் மேல். வருடம் பாதி போகும்போது புது வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் தண்டம் என்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். தண்டம் என்பது சேர்ந்த வட்டியில் ஒரு பகுதிதான். கணக்குப் பார்த்து உடைத்தோம், புதிதாகப் போட்டோம், சில மாதங்களில் இழந்ததை எடுத்துவிட்டோம். அடுத்த வருடம் விலைவாசி இறங்கத் தொடங்கியதும், வட்டி விழுவதற்கு முன்பு நீண்ட தவணைக்கு மாற்றினோம். 2023 ஜூன் 1ஆம் திகதி மத்திய வங்கி ஒரேயடியாக 2.5 வீதப் புள்ளிகள் குறைத்தது. எங்கள் வீட்டில் இந்தக் காலத்தில் நட்டம் காணாத ஒரே கணக்கு இதுதான், அதைக் கண்டுபிடித்தது மனைவி.

2022 ஜூலையைப் பற்றி எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லோரும் கைப்பேசியில் பார்த்ததுதான். 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது, கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் போய், பிறகு சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார், 20ஆம் திகதி பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவுசெய்தது. நான் அப்போது எரிபொருள் நிலையத்துக்கு வெளியே வரிசையில் நின்றேன். எங்களுக்கு முன் அனுபவம் இல்லாத பஞ்சம் இல்லை. 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். "இப்பதான் கொழும்பாருக்கும் விளங்குது" என்று வரிசையில் ஒரு ஐயா சொன்னபோது சிரித்தோம். சிரித்தாலும் எனக்குள்ளே பயம்தான். தடை ஒருநாள் எடுபடும் என்று தெரிந்திருந்தது. இது எப்போது, எப்படி முடியும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அச்சகத்தில் இருந்த இரண்டு பெடியளில் மூத்தவன் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு கட்டாருக்குப் போனான். அந்த வருடம் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். மெசின் தெரிந்த ஆளை இழப்பது மெசினையே இழப்பது மாதிரி.

ஆள் மாறியதும் நிலைமை மாறும் என்று சிலர் காத்திருந்தார்கள். உண்மையில் சீர்திருத்தம் என்பது அப்போதுதான் தொடங்கியது, ஒவ்வொன்றும் ஒரு திகதியோடு வந்தது. 2019 கடைசியில் 15 வீதத்திலிருந்து 8க்குக் குறைத்த வற் எனும் பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஒன்பது வருடமாக ஏறாத மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னுமொரு 66 வீதம். 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம். இதெல்லாம் சர்வதேச நாணய நிதியத்தோடு பேசி, 2022 செப்டெம்பர் 1ஆம் திகதி அதிகாரிகள் மட்டத்தில் இணங்கி, 2023 மார்ச் 20ஆம் திகதி 300 கோடி டொலர் அளவிலான நாலு வருடத் திட்டமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஆவணம் இணையத்தில் கிடக்கிறது. எந்த வரி எப்போது ஏறும், மின் கட்டணம் செலவை ஈடுகட்ட வேண்டும், எரிபொருள் விலை சூத்திரப்படி போக வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எங்கள் வியாபாரிகள் யாரும் அதைப் பார்க்கவில்லை, மேடைப் பேச்சைக் கேட்டார்கள். நான் பிந்தித்தான் பார்த்தேன், பார்த்த நாளிலிருந்து திடுக்கிடுவது குறைந்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் அட்டவணைகள் விளங்கும். வர்த்தமானி தமிழிலும் வரும்.

மின் கட்டணத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் பில்லில் பாவனை வகை "பொதுத் தேவை" என்று இருந்தது. கட்டடம் முன்பு கடையாக இருந்ததால் அப்படியே தொடர்ந்திருக்கிறது. கைத்தொழில் வகைக்கு அலகு விலை அதைவிடக் குறைவு. விலை குறைவாக இருந்த காலத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஏற்றத்துக்குப் பிறகு அது மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் நின்றது. வியாபாரப் பதிவு, மெசின் விபரம் எல்லாம் கொடுத்து விண்ணப்பித்தேன், பார்வையிட வந்தார்கள், மாற்றித் தந்தார்கள். தையல், மா அரைப்பு, தச்சு, வெல்டிங் செய்பவர்கள் எல்லோரும் பில்லின் மூலையில் உள்ள அந்த வகையை ஒருதடவை பாருங்கள்.

வற் வரியில் என் போன்ற சின்ன ஆட்களுக்கு ஒரு பொறி உண்டு. வருடப் புரள்வு, அதாவது மொத்த விற்பனை, ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால் பதியத் தேவையில்லை. அந்த எல்லை 2020 ஜனவரியில் 30 கோடி ஆக்கப்பட்டு, 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும் 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் இறங்கியது. நான் அதற்கும் வெகு கீழே. "எங்களுக்கு வற் இல்லை" என்று சந்தோஷமாக இருக்க முடியாது, ஏனென்றால் பேப்பர், பிளேட், மை எல்லாவற்றிலும் 18 வீதம் கட்டித்தான் வாங்குகிறோம், பதியாதவர் அதைத் திரும்பக் கழிக்க முடியாது. அது அப்படியே அடக்கவிலை. பலர் பழைய இலாப வீதத்தைப் பேப்பரின் வரியில்லா விலையில் போட்டுக் கணக்குப் பார்த்து, வேலை நிறைய நடக்கிறது, காசு மட்டும் மிஞ்சவில்லை என்று குழம்பினார்கள். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பதிவுள்ள நிறுவனங்கள் என்றால் விரும்பிப் பதிவதே இலாபமாக இருக்கலாம், ஒரு கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். எனக்கு வருபவர்கள் கோயிலும் கலியாணமும் அந்தியேட்டியும், அதனால் நான் பதியவில்லை.

கடனுக்கு வேலை செய்வதைப் பற்றி. ஒரு அரச அலுவலகத்துக்குப் படிவங்கள் அடித்துக் கொடுத்தேன், 2022 நடுப்பகுதியில். திறைசேரியில் காசு இல்லை, சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் பில்லில் எழுதிய தொகை சதம் குறையாமல் வந்தது. ஆனால் அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. எனக்கு வந்தது பாதிக் காசு. மேசைக்கு அங்காலே இருந்த தங்கச்சியும் அதே சம்பளத்தில் அதே விலைவாசியில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தவர்தான், அவரோடு கோபிக்க மனம் வரவில்லை. அரசாங்கம் செலவைக் குறைக்கும் காலத்தில் அரச வேலையைப் பிடிப்பதென்றால் இழுபடும் மாதங்களின் வட்டியையும் விலையில் சேர்த்தே கேளுங்கள். கிடைக்காவிட்டால் போகட்டும்.

என்னைத் தூக்கி நிறுத்தியது கனடாவும் சுவிஸும்தான். இங்கே செத்தவருக்கு அங்கேயிருக்கும் பிள்ளைகள் கல்வெட்டு அடிப்பிப்பார்கள். ஆரம்பத்தில் டொலருக்கு வங்கி விலைக்கும், வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு அனுப்பும் உண்டியல் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்ததால் காசு உண்டியலில் வந்தது. நாணயம் மிதக்கவிடப்பட்ட பிறகு அந்த இடைவெளி சுருங்கியது. வங்கியூடாக வந்தால் பதிவு இருக்கும், பிறகு கடன் கேட்கும்போது அந்த வரவைக் காட்டலாம். எனக்கு அது உதவியது.

பேப்பரை வாங்கிக் குவிக்க வேண்டும் என்று அந்த நாட்களில் எல்லோரும் சொன்னார்கள். சுன்னாகத்தில் ஒரு தொழில் நண்பர் ஓ.டி.யில் எடுத்துக் குவித்தார், டொலர் 365இல் இருந்தபோது. நாணய நிதியத்தின் ஒப்புதல் வந்த 2023 மார்ச்சில் ரூபா பலமடைந்து டொலர் 320க்குக் கிட்ட இறங்கியது. பேப்பர் விலையும் இறங்கியது. அவரோ 30 வீத வட்டி கட்டிக்கொண்டு உயர்ந்த விலைப் பேப்பரின் மேல் இருந்தார். கையில் சும்மா கிடக்கும் காசைப் பொருளாக்கி வைப்பது வேறு, கடன் வாங்கிப் பொருள் குவிப்பது வேறு.

அந்த ஜூன் கடைசியில் ஐந்து நாள் வங்கி விடுமுறை விட்டு, உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போவதாக அறிவித்தார்கள். மிச்சமிருந்த பெடியன் ஓடி வந்தான். "அண்ணை, எங்கட சேமலாப நிதிக் காசு போகுதாமே." வங்கி வைப்புகளைத் தொடவில்லை, ஊழியர் சேமலாப நிதியின் முதலையும் வெட்டவில்லை. அந்த நிதி வைத்திருந்த, அரசாங்கத்தின் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளைப் புதிய முறிகளாக மாற்றினார்கள், 2025 வரை 12 வீதம், அதன் பிறகு 9 வீதம். விலைவாசி அப்படி ஏறிய காலத்தில் அது தொழிலாளியின் தலையில் வைத்த சுமைதான், அதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வங்கிகள் வைத்திருந்த முறிகளை விட்டுவிட்டு இதில் கை வைத்தார்கள். ஆனால் வதந்தியைக் கேட்டு வைப்பை உடைத்துக் காசை வீட்டில் வைத்தவர்களுக்கு இன்னும் மோசம்.

2023 ஜூலையில் பணவீக்கம் 6.3 வீதம் என்றார்கள். வாடிக்கையாளர்கள் வந்து, "விலை குறைஞ்சிட்டுதாமே, நீங்கள் ஏன் குறைக்கேல்லை?" என்று கேட்டார்கள். ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறியது ஏறினபடியே நிற்கிறது என்பதைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்தது. மின் கட்டணமும் குறைவதும் கூடுவதுமாக இருந்தது. கட்டணம் குறைந்த மாதங்களில் அந்த வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வைக்கப் பழகினேன்.

2024 செப்டெம்பரிலும் நவம்பரிலும் தேர்தல். அச்சகக்காரருக்குத் தேர்தல் நல்ல காலம், ஒரு நிபந்தனையோடு: காசு முன்கூட்டியே. தோற்ற வேட்பாளரிடம் பாக்கி வாங்கியவர் ஊரில் ஒருவரும் இல்லை, வென்றவரிடம் வாங்கியவரும் குறைவு. எல்லாப் பக்கத்துத் துண்டுப்பிரசுரமும் என் மெசினில் ஓடியது. வரியைக் குறைப்போம், மின் கட்டணத்தைக் குறைப்போம், நிதியத்தோடு திரும்பப் பேசுவோம் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருந்தது. அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி 159 ஆசனம் எடுத்தது, யாழ்ப்பாண மாவட்டத்திலேயே முதலிடத்துக்கு வந்தது. இப்படி ஒரு மாற்றத்தை என் வாழ்நாளில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை, உண்மையில் மனம் குளிர்ந்தது. ஆனால் அடுத்த வருட விலைப்பட்டியலை நான் அந்த உற்சாகத்தில் போடவில்லை. நிதியத்தின் திட்டம் தொடரும் என்று புதிய அரசாங்கம் சொன்னது, நவம்பர் 23ஆம் திகதி மூன்றாவது மீளாய்வுக்கு அதிகாரிகள் மட்டத்தில் இணக்கம் வந்தது. 18 வீத வற் அப்படியே. காலி கஜானாவைக் கையேற்றவர்களுக்கு வேறு வழி குறைவு என்பதால் எனக்கு அதில் கோபமில்லை. சுமையை யாருடைய தோளில் எவ்வளவு வைப்பது என்பதில் அவர்கள் வித்தியாசமாக நடக்கலாம், அதைத்தான் பார்க்க வேண்டும். சும்மா "துரோகம்" என்று கத்துபவர்களும் "எல்லாம் சரியாகிவிட்டது" என்பவர்களும் என் பேப்பர் விலைக்கு உதவ மாட்டார்கள்.

வவுனியாத் தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, இப்போது லீசிங் எடுக்கலாமா என்றார். வட்டி இறங்கியிருக்கிறது, நிலையான வீதத்தில் கிடைத்தால் எடுக்கலாம், ஓ.டி.யை மெசினுக்குப் பாவிக்க வேண்டாம் என்றேன். மின் கட்டணத்துக்குக் கணக்கில் இடம் விடச் சொன்னேன். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், ஜூனில் திரும்ப 15 வீதம் கூட்டினார்கள். ஜனவரியில் நான் விலையைக் குறைக்காததற்கு முறுகிக்கொண்டு போன கோயில் நிர்வாகம் ஒன்று, திருவிழா நோட்டீஸுக்குத் திரும்ப வந்தது. பேப்பர் வாங்கும் நாளின் விலை என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் கையெழுத்து வைத்துவிட்டு, முற்பணத்தைக் காசாளர் பின்னேரம் கொண்டுவருவார் என்றார். கொண்டுவரட்டும், பிறகு பிளேட் போடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.